சாம்பல் நிறப் பட்டறை

2021 செப்டம்பரில் சினிமா 4டி என்ற அனிமேஷன் மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவந்தது. ஆர்25 என்று பெயர். அதை வைத்துப் பிழைப்பவர்கள் வழக்கம்போல இறக்கி, நிறுவி, திறந்தார்கள். திறந்ததும் பலருக்கு, ஊருக்குப் போய்த் திரும்பிய இடைவெளியில் யாரோ வீட்டுச் சாமான்களை இடம் மாற்றி வைத்ததுபோல இருந்தது. வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய ஐகான்கள் புதிதாக வரையப்பட்டிருந்தன. பேனல்கள் இடம் பெயர்ந்திருந்தன. திரையின் அடியில் எப்போதும் விரிந்து கிடந்த மெட்டீரியல் பட்டியல் ஓரத்தில் ஒரு சிறு பட்டனுக்குள் சுருங்கிவிட்டது. படம் தெரியும் பகுதி பெரிதாகியிருந்தது; அது நல்ல விஷயம்தான். ஆனாலும் முணுமுணுப்பு பெரிதாகவே எழுந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். பட்டன் இங்கே இருந்தால் என்ன, அங்கே இருந்தால் என்ன? சமையலறையில் இருக்கும் அஞ்சறைப் பெட்டியை நினைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். எண்ணெய் காய்ந்துவிட்ட நேரத்தில் கடுகு எந்தக் குழியில் இருக்கிறது என்று யாரும் தேடுவதில்லை. கை தானாகப் போகும். அந்தப் பெட்டியில் கடுகையும் வெந்தயத்தையும் இடம் மாற்றி வைத்தால் அன்றைய குழம்பு என்னவாகும்? ஒரு நாளில் பல நூறு முறை ஒரே பட்டனை அழுத்துகிற அனிமேட்டரின் நிலையும் அதுதான்.

மென்பொருளின் முகத்தை அவரவர் வசதிக்கு மாற்றிக்கொள்வது, அதாவது பட்டன், ஸ்லைடர், பேனல், எழுத்து, பின்னணி நிறம் எல்லாவற்றையும் தன் கைக்கும் கண்ணுக்கும் பொருத்திக்கொள்வது, அனிமேஷன் உலகில் ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. ஜெர்மனியில் அதற்குச் சுவையான வரலாறு உண்டு. பத்திரிகைப் போட்டி, பல்கலைக்கழக மாணவர் ஒருவரின் எரிச்சல், ஓவிய ஆசிரியர் ஒருவரின் வண்ணத் தாள்கள், தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் எல்லாம் அதில் வந்து சேர்கின்றன.

போட்டியில் வென்ற சகோதரர்கள்

ஃப்ராங்ஃபுர்ட் நகருக்கு வடக்கே டவ்னுஸ் மலையடிவாரத்தில் ஃப்ரீட்ரிஷ்டோர்ஃப் என்றொரு சிற்றூர் இருக்கிறது. தொலைபேசியின் முன்னோடிக் கருவியை 1861இல் செய்துகாட்டிய ஃபிலிப் ரைஸ் என்ற பள்ளி ஆசிரியர் வாழ்ந்த ஊர். சினிமா 4டியை உருவாக்கிய மேக்ஸன் நிறுவனம் நெடுங்காலம் இயங்கியதும் இங்கேதான். இப்போது அதன் தலைமையகம் பக்கத்து ஊரான பாட் ஹோம்புர்கில் இருக்கிறது.

மேக்ஸன் முதலில் பத்திரிகை நடத்தியது. 1980களில் ஐரோப்பிய இளைஞர்கள் கொண்டாடிய அமிகா என்ற வீட்டுக் கணினிக்கான இதழ் அது, பெயர் கிக்ஸ்டார்ட். வாசகர்களுக்கு மாதந்தோறும் நிரல் எழுதும் போட்டி வைத்தார்கள். 1990இல் கிறிஸ்டியான் லோஷ், ஃபிலிப் லோஷ் என்ற சகோதரர்கள், ஒளிக்கதிர் போகும் பாதையைக் கணக்கிட்டுப் படம் உருவாக்கும் நிரல் ஒன்றை அனுப்பி வென்றார்கள். அது 1991இல் ஃபாஸ்ட்ரே என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1993இல் சினிமா 4டியின் முதல் பதிப்பு அமிகாவில் வெளியானது. 1996இல் விண்டோஸுக்கும் மேக்குக்கும் வந்தது. 2000இல் மியூனிக்கைச் சேர்ந்த நெமெட்செக் குழுமம் நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. ஒரு பொருளைப் பல பிரதிகளாக்கி ஒரே நேரத்தில் அசைக்க உதவும் மோகிராஃப் என்ற அதன் கருவித் தொகுப்பு, 2019இல் ஆஸ்கர் அகாடமியின் அறிவியல் தொழில்நுட்ப விருதில் இடம்பெற்றது. அதை முதலில் கருக்கொண்டவர் பெர்-ஆண்டர்ஸ் எட்வர்ட்ஸ்.

தொலைக்காட்சி விளம்பரத்திலும் சேனல் முத்திரையிலும் பளபளத்துச் சுழலும் எழுத்துகளைப் பார்க்கிறோமே, அவற்றில் பல இதுபோன்ற மென்பொருளில் பிறப்பவை. 2013 முதல் அடோபியின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸோடு இதன் எளிய பதிப்பு ஒன்றும் சேர்ந்து வந்ததால், முப்பரிமாணம் கற்காதவர்களும் இதன் திரையை எட்டிப்பார்த்தார்கள். பலரும் முதலில் மிரண்டார்கள். அத்தனை பட்டன்கள்!

மூன்று அடுக்கு மாற்றம்

அந்த மிரட்சியைக் குறைக்க உதவுவது திரையை மாற்றிக்கொள்ளும் வசதி. அதை மூன்று அடுக்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் அடுக்கு, இடம். எந்தப் பேனல் எங்கே இருக்க வேண்டும் என்பதை இழுத்து வைத்து, அந்த அமைப்பை ஒரு லேஅவுட்டாகச் சேமிக்கலாம். மாடலிங் செய்யும்போது ஓர் அமைப்பு, அசைவு கொடுக்கும்போது டைம்லைன் விரிந்த வேறோர் அமைப்பு. கட்டளைகள் மொத்தமும் அடங்கிய பட்டியலைத் திறந்து, அடிக்கடி தேவைப்படுவதை இழுத்துத் தன் பட்டைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஒரு கட்டளைக்கு ஐகான் மட்டும் போதுமா, பெயரும் வேண்டுமா, கிடையாகவா செங்குத்தாகவா என்பதும் அவரவர் விருப்பம். இப்படிச் செதுக்கிய திரை முழுவதும் ஒரு சிறு கோப்பில் அடங்கிவிடும். அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு வேலை மாறிப் போகிறவர்கள் உண்டு.

இரண்டாம் அடுக்கு, நிறம். விருப்ப அமைப்புகளில் நிறத் திட்டம் என்ற பகுதி இருக்கிறது. பின்னணி, எழுத்து, தேர்ந்தெடுத்த வரி, அணைந்திருக்கும் பட்டன் என ஒவ்வொன்றுக்கும் அதில் தனி நிறம் கொடுக்கலாம். படம் தெரியும் வியூபோர்ட்டின் பின்னணி, தரைக் கோடுகள், தேர்ந்தெடுத்த பொருளைச் சுற்றி வரும் வரிவடிவம் ஆகியவற்றுக்குத் தனிப் பட்டியல்.

மூன்றாவது அடுக்கில்தான் அனிமேஷன் மற்றத் துறைகளிலிருந்து விலகி நிற்கிறது. வேர்டிலோ எக்செலிலோ ஏற்கெனவே இருக்கும் பட்டனை இடம் மாற்றலாம். அனிமேஷனில் இல்லாத பட்டனை, இல்லாத ஸ்லைடரைப் பயனரே செய்துகொள்கிறார்.

ஒரு கண் இமையை எடுத்துக்கொள்வோம். பாத்திரம் கண் மூட வேண்டுமானால் மேல் இமை 70 டிகிரி கீழே இறங்க வேண்டும், கீழ் இமை 20 டிகிரி மேலே வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் தனித்தனியே தேடிப்பிடித்துச் சுழற்றி, ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கீஃப்ரேம், அதாவது அந்த நொடியின் நிலையைப் பதியும் குறி, வைத்துக்கொண்டிருந்தால் ஒரு நிமிடக் காட்சிக்கே பொழுது விடிந்துவிடும். அதனால் ரிக்கர், அதாவது பாத்திரத்துக்கு எலும்பும் கயிறும் கட்டித் தருபவர், யூசர் டேட்டா என்ற வசதியைத் திறக்கிறார். புதிய அளவு ஒன்றைச் சேர்க்கிறார். பெயர்: இடது இமை. அலகு: சதவீதம். குறைந்தது 0, அதிகம் 100. தோற்றம்: ஸ்லைடர். பிறகு எக்ஸ்பிரஸ்ஸோ என்ற பலகையில் அந்த ஸ்லைடரிலிருந்து இரண்டு கம்பிகளை இழுக்கிறார். நடுவில் ரேஞ்ச் மேப்பர் என்ற முடிச்சு, 0 முதல் 100 வரையிலான எண்ணை ஒரு பக்கம் 70 டிகிரியாகவும் மறுபக்கம் 20 டிகிரியாகவும் மாற்றி அனுப்புகிறது.

இப்போது ஸ்லைடரை நகர்த்தினால் கண் மூடுகிறது. இன்னும் ஒரு படி மேலே போய், அந்த ஸ்லைடரையே இழுத்து வியூபோர்ட்டின் மேல், பாத்திரத்தின் முகத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைக்கலாம். அனிமேட்டரின் பார்வை முகத்தை விட்டு விலகாமல் கை வேலை நடக்கும். 100க்கு மேல் போக முடியாது என்று ரிக்கர் பூட்டிவைத்திருப்பதால், நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் இழுத்தாலும் இமை கன்னத்துக்குள் புகாது. தோற்றம் என்று அலட்சியமாகச் சொல்லும் விஷயத்துக்குள் எத்தனை தவறுகளுக்கு அணை போடப்பட்டிருக்கிறது என்பது இந்த ஒரு ஸ்லைடரிலேயே தெரியும்.

கை, கால், இடுப்பு ஆகியவற்றைப் பிடித்து இழுக்க வட்டம், நட்சத்திரம், சதுரம் போன்ற வெற்று வடிவங்களை மாட்டிவிடுவார்கள். இறுதிப் படத்தில் இவை வராது. வலப்பக்கத்துக்கு ஒரு நிறம், இடப்பக்கத்துக்கு இன்னொரு நிறம் என்று வகுத்துவைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். பாத்திரம் திரும்பி நிற்கும்போது வலது எது, இடது எது என்று குழம்பாமல் இருக்கத்தான். பொம்மலாட்டக்காரர் கயிறுகளை இனம் பிரித்து வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தானே.

ஏன் எல்லாம் சாம்பல்?

அனிமேஷன் ஸ்டூடியோவுக்குள் முதன்முதலாக நுழைபவர் கவனிக்கும் விஷயம் ஒன்று உண்டு. வண்ண வண்ணமாய்ப் படம் செய்பவர்களின் திரைகள் எல்லாம் சிமெண்டுத் தரைபோல இருக்கின்றன. சினிமா 4டி, பிளெண்டர், மாயா என்று எதைத் திறந்தாலும் சாம்பல் நிறம்தான்.

இதற்கான விடையைத் தேடினால் ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியிலுள்ள போட்ரோப் நகருக்குப் போக வேண்டும். 1888இல் அங்கே பிறந்தவர் ஜோசப் ஆல்பர்ஸ். பள்ளி ஆசிரியராக இருந்து, பாவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, அங்கேயே ஆசிரியரானவர். நாஜிகளின் நெருக்குதலில் 1933இல் அந்தப் பள்ளி மூடப்பட்டதும் அமெரிக்கா போனார். 1963இல் வெளியான அவருடைய நிறங்களின் ஊடாட்டம் பற்றிய நூல் இன்றும் ஓவியக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. அவர் வலியுறுத்திய விஷயம் எளியது: ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதை அதன் அண்டை நிறம் தீர்மானிக்கிறது.

கைபேசியில் இருக்கும் எந்த ஓவியச் செயலியிலும் இதைச் செய்து பார்க்கலாம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 128 என்று எண் கொடுத்தால் நடுத்தரச் சாம்பல் கிடைக்கும். அதில் இரண்டு சதுரம் வரைந்து, ஒன்றைக் கறுப்புப் பின்னணியிலும் மற்றொன்றை வெள்ளைப் பின்னணியிலும் வைத்தால், கறுப்பின்மேல் உள்ளது வெளிறியும் வெள்ளையின்மேல் உள்ளது இருண்டும் தெரியும். இரண்டும் ஒரே சாம்பல் என்று தெரிந்த பிறகும் கண் ஒப்புக்கொள்ளாது. கோதே 1810இல் வெளியிட்ட வண்ணக் கோட்பாட்டு நூலிலேயே கண்ணின் இந்தச் சேட்டைகள் இடம்பெற்றிருக்கின்றன.

இதை அனிமேஷன் திரைக்குப் பொருத்திப் பார்த்தால் விஷயம் வெளிச்சமாகும். சுற்றியுள்ள பேனல்கள் வெள்ளையாக இருந்தால் நடுவிலுள்ள இரவுக் காட்சி தேவைக்கு மேல் இருட்டாகத் தெரியும். கலைஞர் விளக்கைக் கூட்டிவிடுவார். பேனல்கள் நீலம் பூசியவையாக இருந்தால் கண் அந்த நீலத்துக்குப் பழகிப்போய், படத்தின் நிறத்தைச் சரியாக எடைபோட முடியாமல் தடுமாறும். தவறு மறுநாள் வேறொரு திரையில் பார்க்கும்போதுதான் தெரியவரும். ஆகவே மூன்று எண்ணும் சமமான, எந்தப் பக்கமும் சாயாத சாம்பல். தராசின் முள் நடுவில் நிற்பதுபோல.

அப்படியானால் முழு இருட்டுத் திரைதான் சிறந்ததா? இங்கே டியூசல்டோர்ஃப் நகரின் ஹைன்ரிஷ் ஹைனே பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் குறுக்கே வருகிறார்கள். கோசிமா பீப்பன்புரோக், சூசன்னே மாயர், ஆக்சல் புக்னர் ஆகியோர் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. இளைஞர்களையும் முதியவர்களையும் உட்காரவைத்து, வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து, கறுப்புப் பின்னணியில் வெளிர் எழுத்து இரண்டையும் கொடுத்துச் சோதித்தார்கள். இரு தரப்பினருக்கும் வெளிர் பின்னணியில் இருந்த கறுப்பு எழுத்தே எளிதாக இருந்தது. திரை வெளிச்சமாக இருக்கும்போது கண்மணி சுருங்குகிறது. சுருங்கினால் விழித்திரையில் பிம்பம் கூர்மையாக விழுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். எழுத்து சிறிதாகச் சிறிதாக இந்த வித்தியாசம் கூடுகிறது என்பதும் அடுத்த ஆண்டு ஆய்வில் தெரிந்தது.

அனிமேஷன் மென்பொருளின் பேனல்களில் இருப்பதோ பொடிப் பொடி எழுத்து. படத்துக்கு இருட்டு நல்லது, எழுத்துக்கு வெளிச்சம் நல்லது. ஒரே திரையில் இரண்டு நியாயங்கள். நடுத்தரச் சாம்பலைத் தேர்ந்தெடுப்பது, எழுத்தின் அளவைக் கூட்டிக்கொள்வது, அறை விளக்கை முழுக்க அணைக்காமல் இருப்பது என்று ஒவ்வொருவரும் ஒரு சமாதானத்துக்கு வருகிறார்கள். ஐம்பது வயதுக் கலைஞரும் இருபது வயதுக் கலைஞரும் ஒரே சமாதானத்துக்கு வர வேண்டியதில்லை. நிறத்தை மாற்றும் வசதி இருக்க வேண்டியதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

டியூபிங்கனிலிருந்து கிரிட்டா வரை

தென்மேற்கு ஜெர்மனியில் நெக்கார் ஆற்றங்கரையில் டியூபிங்கன் என்ற பழைய பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. அங்குள்ள நகர அருங்காட்சியகத்தில் லோட்டே ரைனிகருக்கு நிரந்தரக் காட்சிக்கூடம் உண்டு. கறுப்புத் தாளைக் கத்தரித்து, மூட்டு மூட்டாக இணைத்து, கண்ணாடி மேசையின் அடியிலிருந்து ஒளி பாய்ச்சி, மேலிருந்து ஒவ்வொரு படமாக எடுத்து, 1926இல் இளவரசர் அக்மதின் சாகசங்களை முழுநீள அனிமேஷன் படமாக்கியவர். தோற்பாவைக்கூத்து பார்த்த கண்களுக்கு அந்தப் படம் அந்நியமாகத் தோன்றாது. அவருக்கு மென்பொருள் இல்லை. அடுக்கடுக்காகக் கண்ணாடி வைத்த அந்த மேசைதான் அவருடைய திரை, பேனல், பட்டன் எல்லாம். 1981இல் டியூபிங்கனுக்குப் பக்கத்தில் டெட்டன்ஹவுசன் என்ற ஊரில் அவர் காலமானார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, அதே டியூபிங்கனில் கணினி அறிவியல் படித்துக்கொண்டிருந்த மத்தியாஸ் எட்ரிஷுக்கு ஓர் எரிச்சல். அவர் பயன்படுத்திய யூனிக்ஸ் வகைக் கணினியில் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு விதமாகத் தெரிந்தது. ஒன்றின் பட்டன் இன்னொன்றின் பட்டன்போல இல்லை. ஒன்றில் வேலை செய்யும் குறுக்குவிசை மற்றொன்றில் வேலை செய்யாது. 1996 அக்டோபர் 14 அன்று அவர் விடுத்த அழைப்பிலிருந்து கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் இயக்கம் பிறந்தது. இன்று அதன் சங்கத்துக்கு பெர்லினில் அலுவலகம் இருக்கிறது. எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்று கிளம்பிய அந்த இயக்கம்தான், பிற்காலத்தில் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள இடம் தரும் திரைக்குப் பெயர்பெற்றது.

அந்த இயக்கத்தின் குழந்தைகளில் ஒன்று கிரிட்டா. 1999இல் வேறு பெயரில் தொடங்கி, பெயர் உரிமைச் சிக்கல்களால் பெயரை மாற்றி மாற்றி, 2002இல் இந்தப் பெயருக்கு வந்து சேர்ந்தது. சுவீடன் மொழியில் வண்ணக்கோல் என்று பொருள். 2016 மே மாதம் வெளியான மூன்றாம் பதிப்பில் கையால் வரையும் அனிமேஷனுக்கான டைம்லைன் வந்தது. காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம் என்பதால், பழைய லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு அனிமேஷன் பழகும் மாணவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

கிரிட்டாவில் தீம் மாற்றுவது மெனுவில் இரண்டு சொடுக்கு. இருண்டது, வெளிர்ந்தது, நடுநிலைச் சாம்பல் என்று வகைகள் தயாராக இருக்கின்றன. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு தீம் என்பது வெறும் எழுத்துக் கோப்பு. சாளரத்தின் பின்னணிக்கு மூன்று எண், பட்டனின் பின்னணிக்கு மூன்று எண், அதன் எழுத்துக்கு மூன்று எண். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கோலமாவுக் கணக்குபோல எளிமையானது. நோட்பேடில் திறந்து எண்ணை மாற்றினால் திரையின் நிறம் மாறும்.

இப்படி உடலைத் தொடாமல் உடையை மாற்றும் தந்திரத்துக்கு அடியில் இருப்பது கியூட்டி என்ற நிரல் தொகுப்பு. நார்வேயில் பிறந்தது, கேடிஇ, கிரிட்டா, 2011ஆம் பதிப்பு முதல் மாயா, ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ பயன்படுத்திய வகையைச் சேர்ந்த ஓப்பன்டூன்ஸ் எல்லாம் அதன்மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. 2006இல் அதில் ஸ்டைல்ஷீட் என்ற வசதி வந்தது. கோயில் மூலவருக்கு இன்று சந்தனக்காப்பு, நாளை வெண்ணெய்க்காப்பு என்று அலங்காரம் மாறினாலும் மூலவர் மாறுவதில்லை அல்லவா? அதுபோல, அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பது பட்டனுக்குள் இருக்கும். விளிம்பு எவ்வளவு வளைய வேண்டும், எழுத்துக்கும் விளிம்புக்கும் இடையே எத்தனை புள்ளி இடைவெளி, மவுஸ் மேலே வரும்போது என்ன நிறம் என்பதெல்லாம் தனித் தாளில் எழுதியிருக்கும். தாளை மாற்றினால் போதும்.

கிரிட்டாவின் ஒரு சிறு பேனலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆனியன் ஸ்கின் என்பார்கள். வெங்காயத் தோல்போல, முந்தைய படங்களும் பிந்தைய படங்களும் இப்போது வரையும் படத்துக்கு அடியில் மங்கலாகத் தெரியும். முந்தையவை ஒரு நிறத்தில், பிந்தையவை மற்றொரு நிறத்தில். சிவப்பும் பச்சையும் இதற்கு எளிதில் கைக்கு வரும் ஜோடி. ஆனால் வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 100க்கு 8 பேருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறை உண்டு. அப்படிப்பட்ட கலைஞருக்குக் கை எங்கிருந்து வந்தது, எங்கே போகப்போகிறது என்ற இரண்டு கோடுகளும் ஒரே பழுப்பாகக் கலந்துபோகும். அந்தப் பேனலிலேயே இரண்டு சிறிய நிறச் சதுரங்கள் இருக்கின்றன. ஒன்றை நீலமாக்கி மற்றொன்றை ஆரஞ்சாக்கினால் தீர்ந்தது. வேலை போகுமா நிலைக்குமா என்பது சில சமயம் அந்த இரண்டு சதுரத்தில் இருக்கிறது.

சட்டப் புத்தகத்தில் ஒரு பட்டன்

இதையெல்லாம் ஜெர்மானியர்கள் கலைஞர்களின் விருப்பமாக மட்டும் விட்டுவைக்கவில்லை. ஒழுங்கு என்றால் அதற்கொரு எண் இருக்க வேண்டிய நாடு அது. 1988இல் அந்நாட்டுத் தர நிறுவனம் கணினித் திரைப் பணிக்காக வெளியிட்ட 66234 என்ற எண்ணுள்ள தரநிலையின் எட்டாம் பகுதி, மனிதரும் மென்பொருளும் உரையாடும் முறைக்கு ஐந்து கொள்கைகளை வகுத்தது. செய்யும் வேலைக்குப் பொருந்த வேண்டும், தன்னைத் தானே விளக்க வேண்டும், பயனரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், எதிர்பார்ப்புக்கு ஏற்ப நடக்க வேண்டும், தவறைத் தாங்க வேண்டும். இந்தச் சிந்தனை 1996இல் ஐஎஸ்ஓ 9241 என்ற உலகத் தரநிலைக்குள் போனபோது மேலும் இரண்டு சேர்ந்தன. கற்க எளிதாக இருப்பது ஒன்று. தனிமனிதருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடிவது மற்றொன்று.

அதே 1996 டிசம்பரில் ஜெர்மனியில் திரைப் பணிக்கான ஆணை நடைமுறைக்கு வந்தது. 1990ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதலைப் பின்பற்றிய ஆணை. நாற்காலி, மேசை, வெளிச்சம் ஆகியவற்றோடு மென்பொருளையும் அது பணிச்சூழலின் ஒரு பகுதியாகப் பார்த்தது. பயனரின் அறிவுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப மென்பொருளை மாற்றிக்கொள்ள முடிய வேண்டும் என்றது. பணியாளருக்குத் தெரியாமல் அவருடைய வேலையை அளக்கும் கருவியை அதற்குள் ஒளித்துவைக்கக் கூடாது என்றும் சொன்னது. 2016 இறுதியில் இந்த விதிகள் பணியிட ஆணைக்குள் இணைக்கப்பட்டன. முதுகு வலிக்காத நாற்காலி கேட்பதும் கண் வலிக்காத திரை கேட்பதும் அங்கே ஒரே தாளில் இருக்கின்றன.

2020இல் அந்த உலகத் தரநிலை திருத்தப்பட்டபோது, தனிமனிதருக்கு ஏற்ற மாற்றம் என்பது தனிக் கொள்கையாக நீடிக்கவில்லை. பயனரின் கட்டுப்பாடு என்ற கொள்கைக்குள் அது அடங்கியது. தன் திரையைத் தானே வைத்துக்கொள்வதும் கட்டுப்பாட்டின் ஒரு வடிவம் என்ற கணக்கு.

ஆளுக்கொரு திரை, ஊருக்கொரு தலைவலி

மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஸ்டூடியோவில் பக்கத்து நாற்காலிக்காரர் விடுப்பில் போக, அவருடைய கணினியில் உட்கார்ந்து ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டியவரைக் கேட்டால் தெரியும். பழகிய விசையை அழுத்தினால் வேறு ஏதோ நடக்கும். காணொளி பார்த்துக் கற்கும் மாணவருக்கும் அதே பாடு. ஆசிரியரின் திரையில் இருக்கும் பட்டன் தன் திரையில் இருக்காது.

பிளெண்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நெதர்லாந்தில் பிறந்த இந்த மென்பொருளில் 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க மவுஸின் வலது பட்டனை அழுத்த வேண்டியிருந்தது. உலகமே இடது பட்டனை அழுத்திக்கொண்டிருக்க, புதிதாக வந்தவர்கள் முதல் நாளே தலையில் கை வைத்தார்கள். 2019 ஜூலையில் வந்த 2.80 பதிப்பு அதை இடதுக்கு மாற்றியது. திரையையும் இருண்ட சாம்பலாக்கியது. பழைய பழக்கத்தை விட முடியாதவர்களுக்கு அமைப்புகளில் வலது பட்டனையும் விட்டுவைத்தது. ஆர்25 வெளிவந்தபோது மேக்ஸனும் இதே வழியில், பழைய அடுக்கை ஒத்த கிளாசிக் லேஅவுட் ஒன்றைச் சேர்த்தே தந்திருந்தது.

பல ஸ்டூடியோக்கள் நடுவழி கண்டிருக்கின்றன. பேனல், பின்னணி, எழுத்தளவு ஆகியவை அவரவர் விருப்பம். ஆனால் ரிக்கில் உள்ள நிறங்கள், ஸ்லைடர்களின் பெயர், அவற்றின் எல்லை எண்கள் எல்லோருக்கும் பொது. வீட்டுக்குள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். தெருவுக்கு வந்தால் இடப்பக்கம்தான் போக வேண்டும் என்பதுபோல. ஜெர்மனியில் வலப்பக்கம்.

மொழியும் இதில் ஒரு கட்சிக்காரர். ஜெர்மன் சொற்கள் ரயில் பெட்டிபோல ஒன்றோடொன்று கோத்து நீள்பவை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு அளவெடுத்த பட்டனுக்குள் ஜெர்மன் சொல் நுழையாது, பாதியில் வெட்டுப்படும். தமிழுக்கும் இதே சிக்கல்தான், கூடவே உயரச் சிக்கலும் உண்டு. கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால், வரி உயரத்தைக் கஞ்சத்தனமாக வைத்த பட்டியலில் கி, கீ இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே இருக்கும் எழுத்துக்கு ஏற்பத் தானே விரியும் பேனல்களைக் கட்டினால்தான் இரண்டு மொழிக்கும் விடிவு.

ஸ்டூட்கார்ட்டில் 1982 முதல் அனிமேஷன் திரைப்பட விழா நடக்கிறது. பக்கத்து ஊரான லுட்விக்ஸ்புர்கில் உள்ள திரைப்பட அகாடமியில் அனிமேஷனுக்கென்றே தனி நிறுவனம் இருக்கிறது. அந்தப் பகுதியின் ஸ்டூடியோக்களில் வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்களுக்குக் குறைவில்லை. அப்படி ஒருவர் முதல் நாள் காலையில் தன் மேசைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்கிறார். ஜன்னல் வெளிச்சம் விழாதபடி திரையைக் கொஞ்சம் திருப்புகிறார். சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துத் தன் லேஅவுட் கோப்பை ஏற்றுகிறார். பேனல்கள் ஒருமுறை சிமிட்டி, பழைய இடங்களில் வந்து உட்காருகின்றன. பின்னணி எண்களைப் பார்க்கிறார். யாரோ நீலத்தை நான்கு புள்ளி கூட்டி வைத்திருக்கிறார்கள். குறைத்து மூன்றையும் சமமாக்குகிறார். எழுத்தளவை ஒன்று கூட்டுகிறார். அதற்குப் பிறகுதான் சீன் ஃபைலைத் திறந்து, இடது இமை என்ற ஸ்லைடரில் கை வைக்கிறார்.